பகையாளியிடம் பெண் விசாரித்தல்

எங்கள் பக்கத்தில் ‘கோபம்’ என்பதை உறவுமுறைகளில் ஒன்றாகத்தான் எண்ணவேண்டும். மச்சான், சகலன், சம்பந்தி, கோபம். ‘அவையளுக்கும் எங்களுக்கும் கோபம்’ என்று ஒருவர் சொன்னால், யாரோ எங்கேயோ கொதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு குடும்பங்கள் ஒரே ஒழுங்கையில், அதே ஒடுங்கிய தெருவில் குடியிருந்து, ஒரே கோயிலில் கும்பிட்டு, ஒருவரோடொருவர் கதைக்காமல் ஆறுதலாக வாழ்கிறார்கள் என்பதே பொருள். இந்த உறவுக்கு மற்ற உறவுகளைவிடக் கடுமையான ஒழுங்குகள் உண்டு. கலியாணத்துக்குச் சொல்லி அழைப்பதுமில்லை, போவதுமில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் போகாமல் விடக்கூடாது. போய், பந்தலில் ஓரமாக இருந்து, பிரேதம் எடுத்ததும் எழும்பி வந்துவிடவேண்டும். ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை என்பது மற்றவருக்கு நன்றாகத் தெரியும்படி பார்க்காமல் போகவேண்டும். சிநேகிதத்துக்கு இவ்வளவு கவனத்தை எவரும் செலவழித்து நான் கண்டதில்லை.

எனக்குக் கோபம் பக்கத்து வளவுக்காரனோடு, அதாவது அடுத்த வீட்டுக் காணிக்காரனோடு. நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவன். முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். என் கலியாணத்துக்கு முன் பொம்பிளை பார்க்கப் போனபோது என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனதும் அவன்தான். திரும்பி வரும்போது, “உனக்கு இது காணும், போதும்” என்றான். அவளைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கியிருக்கிறது.

கோபம் வந்த கதை சின்னது. நான் பகலில் அரச அலுவலகமொன்றில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துகிறவன். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என் மனைவி அவற்றை வாசிப்பதில்லை. “உங்களை நேரிலை பாக்கிறது காணாதே?” என்பாள். ஒரு முறை, வீட்டுக்கு வந்தவர்களிடம் “நீங்கள் இந்த நேரத்திலை தேத்தண்ணி குடிக்கிறேல்லைத்தானே?” என்று கேட்கிற ஒரு மனிதரைப் பற்றி எழுதினேன். அது நான்தான். எழுத ஆள் கிடைக்காத வாரங்களில் என்னையே எழுதிவிடுவேன். மானநட்ட வழக்குக்கு இடமில்லை. ஆனால் ஊர் முழுவதும் அதைப் பக்கத்து வளவுக்காரன் என்று அடையாளம் கண்டது. அவனும் கண்டான்.

நான் போய்ச் சொன்னேன். “மச்சான், அது நீயில்லையடா. அது நான்.”

“ஊரிலை ஆரைக் கேட்டாலும் நான் எண்டுதான் சொல்லுறாங்கள். நீ என்னெண்டு நீயெண்டு சொல்லுவாய்?”

“சத்தியமா நான்தானடா. வேணுமெண்டால் என்ரை மனுசியைக் கேள்.”

அவன் சற்று யோசித்தான். “அப்ப, நான் உன்னைப்போலை எண்டு சொல்லுறியோ?”

அவன் வாசல் படலையைச் சாத்தினான். அன்றோடு எங்களுக்குள் கதை நின்றது.

மனைவிமார் இருவரும் இந்தக் கோபத்தில் சேர்ந்துகொள்ளவில்லை. மதிலுக்கு மேலால் முருங்கைக்காய் அந்தப் பக்கமும் வாழைப்பொத்தி இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தன. ஆம்பிளையளின்ரை கோபத்துக்குத் தாங்கள் ஏன் கறியில்லாமல் இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அவர்களுடைய மகளும் எங்கள் வீட்டுக்கு வந்துபோவாள். யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை. முப்பது தாண்டியும் கலியாணம் ஒப்பேறவில்லை. இந்தக் கதை அவளுடைய கலியாணத்தைப் பற்றியது.

இப்போதெல்லாம் சாதகம் வட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளையின் படங்களை முகநூலில் கிண்டிக் கிளறி, எந்தச் சிநேகிதியின் பிறந்தநாளுக்கு எந்தச் சட்டை போட்டாள் என்பதுவரை பார்த்துவிடுகிறார்கள். ஆனாலும் கடைசியில் ஓர் ஆள் நேரில் வந்து ஊரில் விசாரித்தால்தான் மனம் ஆறும். விசாரிக்க வருகிறவர்கள் சொந்தக்காரரிடம் போகமாட்டார்கள். சிநேகிதரிடமும் போகமாட்டார்கள். அவர்கள் புகழ்வார்கள் என்று தெரியும். சந்திக்கடையில் ஒரு சோடாவை வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டோடு கோபமாக இருப்பது யார் என்று கேட்பார்கள். பகையாளிதான் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுவான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மிஞ்சிய பாதி பொறுக்கக்கூடியதென்றால் சம்பந்தம் பேசலாம். நீதிமன்றங்களுக்கும் இப்படி ஒரு முறை இருந்தால் வழக்குகள் இவ்வளவு காலம் இழுபடாது.

இந்த முறை தெரிந்திருந்தும் நான் பிழை விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சாரம் கட்டியபடி முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு வயதானவரும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரும் நின்றார்கள்.

“தம்பி, உந்தப் பக்கத்திலை வளவு ஏதும் விலைக்கு இருக்கோ?”

வளவு வாங்க வருகிறவன் வேட்டி கட்டி, விபூதி பூசி, கைக்கடிகாரத்தை மேலே தெரிய விட்டுக்கொண்டு வரமாட்டான். உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். வளவு விலை, மழை, உரத்தின் விலை எல்லாம் கதைத்தபிறகு பெரியவர் பக்கத்து மதிலைப் பார்த்தார்.

“அங்காலை இருக்கிறவை எந்தக் கோயில் ஆக்கள்?”

இந்தக் கேள்வியில் பக்தி ஒன்றும் கிடையாது. ஆளைப் பார்த்து நேரே சாதி கேட்பது நாகரிகமில்லை என்று எங்கள் ஆட்கள் படித்துவிட்டார்கள். ஆகையால் சாமியைக் கேட்கிறார்கள். கோயிலைச் சொன்னேன். பெரியவருடைய முகம் தெளிந்தது. பிறகு பிள்ளையைப் பற்றிக் கேட்டார்.

அந்த நேரத்தில் என்னை ஒரு பெருந்தன்மை பிடித்தது. நாலு புத்தகம் படித்த மனிதனுக்கு அவ்வப்போது வருகிற வியாதி அது. பகையை மறந்து பகையாளியின் பிள்ளையை வாழ்த்துகிற உத்தமனாக என்னை நானே ஒரு நிமிடம் பார்த்தேன். காட்சி நன்றாக இருந்தது.

“பிள்ளை தங்கம், ஐயா. தகப்பன் நல்ல உழைப்பாளி. தாயும் அப்பிடித்தான். உந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரிலை ஒரு சொல்லு இல்லை.”

பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். “உங்களுக்கும் அவருக்கும் கோபம் எண்டெல்லோ கடையிலை சொன்னவை?”

“ஓம் ஐயா. அதுக்காக ஒரு பெட்டைப்பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் அள்ளிப் போடுவனோ? இப்பிடி ஒரு பிள்ளை உங்களுக்குத் தேடினாலும் கிடையாது.”

பெரியவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வளவு விலையை மறுபடி கேட்கக்கூட அவர் மறந்துபோனார்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுவிட்டது. காரணத்தைப் புரோக்கர் வாயிலாக அறிந்து, பக்கத்து வீட்டுக்காரி மதிலடியில் என் மனைவிக்குச் சொன்னாள்: “பகையாளியே உப்பிடிப் புகழுறான் எண்டால், அந்தப் பிள்ளை ஊரை விட்டுத் துலைஞ்சால் காணும் எண்டு ஊரே நேர்த்திக்கடன் வைச்சிருக்குப்போலை எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினமாம்.”

அன்று பின்னேரம் பக்கத்து வளவில் சாடை தொடங்கியது. கோபக்காரனோடு நேரே கதைக்க முடியாது. ஆகையால் வேறு யாரையாவது முன்னால் நிறுத்தி, அவன் காதில் விழுகிறமாதிரி ஏசுவதுதான் சாடை. பக்கத்து வளவுக்காரன் தன் பசுமாட்டை நிறுத்திவைத்திருந்தான்.

“எடியே, நீ உதைக்கப்போறாய் எண்டால் முதல்லை காலைத் தூக்கிக் காட்டுவாய். நான் விலத்திப்போடுவன். சில பேர் புகழ்ந்தெல்லே உதைக்கினம். படிச்ச உதை. பேப்பரிலை எழுதிப் பழகின உதை.”

மாடு ஒன்றும் சொல்லவில்லை. நான் என் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, “நல்லது சொல்லக் காலமில்லை” என்று உரத்துச் சொல்லிவிட்டு உதைத்தேன். அது ஸ்டார்ட் ஆகவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மனைவி தொடர்ந்தாள். “ஏனப்பா உப்பிடிப் புகழ்ந்தனீங்கள்? கொஞ்சம் குறை சொல்லியிருக்கலாமெல்லே.”

“குறை சொன்னால் கலியாணத்தைக் குழப்பினான் எண்டு சொல்லுவினம்.”

“இப்ப என்ன சொல்லுகினமாம்?”

நான் புட்டைக் குழைத்தேன்.

“கலியாணம் செய்து இவ்வளவு காலத்திலை என்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லு உங்கடை வாயிலை வந்ததில்லை. அங்காலை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தங்கம், வைரம்.”

“உன்னைப் பற்றி ஒருத்தரும் விசாரிச்சு வரேல்லையே.”

இது சரியான பதில் என்று சொல்லும்போது தோன்றியது. அந்த வாரம் முழுவதும் வாழைப்பொத்திக் கறி எனக்கு மட்டும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, வேலை முடிந்து வருகிற வழியில் அந்தப் பிள்ளை எங்கள் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“மாமா, வாற ஞாயிறு இன்னொரு பகுதி விசாரிக்க வருகினம். உடுப்பிட்டியிலையிருந்து.”

“நல்லது பிள்ளை.”

“மாப்பிளை எங்கடை வங்கிதான். மூண்டு வருசமாத் தெரியும். புரோக்கரைப் பிடிச்சு விட்டதே நாங்கள் ரெண்டு பேருந்தான். ரெண்டு வீட்டுக்கும் தெரியாது.”

சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி குசினி வாசலில் நின்றபடி வாயைப் பொத்தினாள். காதல் என்று தெரிந்தால் இரண்டு வீடும் சாதகத்தைக் கிழித்துப் போடும். புரோக்கர் கொண்டுவந்ததென்றால் பொருத்தம் பார்க்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களை எங்கள் கயிற்றாலேயே கட்டுகிறார்கள்.

“இது குழம்பினால் எனக்கு வேறை கலியாணம் இல்லை, மாமா. அவரின்ரை அம்மாதான் நேரை வாறா. புகழ்ந்து கதைச்சால் அவவுக்குப் பிடியாது; சந்தேகப்படுவா. உங்களைக் கும்பிட்டன், எங்களைப் புகழாதேங்கோ.”

“பின்னை என்ன செய்ய?”

“அப்பாவை ஏசுங்கோ. வேண்டினமட்டும் ஏசுங்கோ. என்னையும் கொஞ்சம். கனக்க வேண்டாம்.” சற்று நின்று, “பொய் சொல்லவேண்டாம், உங்கடை முகத்திலை பொய் நிக்காது. இருக்கிற குறையைச் சொன்னால் காணும்” என்றாள்.

அவள் போனபின் மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். “கலியாணத்துக்குப் பிறகு உங்கடை முகத்திலை இப்பிடி ஒரு சந்தோசத்தை நான் காணேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். கூட வந்த தம்பியார் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவோ வளவு விலை, மழை, உரம் எதுவும் கேட்கவில்லை.

“தம்பி, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கோபமாம். அதுதான் வந்தனான். சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல அக்கா? பரவாயில்லாத ஆக்கள்” என்று நான் மெதுவாகத் தொடங்கினேன். அந்த அம்மா கொட்டாவி விட்டார். மனைவி தேத்தண்ணியை வைக்கும்போது என் காலை மிதித்தாள்.

“கஞ்சன்” என்றேன்.

“எந்தளவுக்கு?”

“தன்ரை தோட்டத்துப் பழத்தைத் தான் தின்னான். அணில் கொத்தினது, அடிபட்டது மட்டுந்தான் வீட்டுக்கு வரும்.”

“அப்ப பிள்ளைக்கெண்டு சேர்த்து வைச்சிருப்பார். குடியோ?”

“குடிக்கிறதெண்டால் காசு செலவழிக்கோணுமே.”

“சம்பந்தி வீடெண்டு அடிக்கடி வந்து நிப்பாரோ?”

“ஒரு வீட்டையும் போகான். போனால் அவை திரும்பி வருவினமெல்லோ.”

அந்த அம்மா முதன்முறையாகச் சிரித்தார். நான் சொல்லச் சொல்ல, குற்றங்கள் அவருடைய மடியில் விழுந்து குணங்களாகிக்கொண்டிருந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஏசுவது ஒருவருக்கும் உறைக்காவிட்டால் பிறகு ஏசி என்ன பயன்?

அதற்குப் பிறகு நான் பேசியது அந்தப் பிள்ளைக்காக அல்ல.

“அக்கா, அவன் ஒரு ஆள் சொல்லுறதைக் கேளான். ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். ஒரு விசயத்தை விளங்கப்படுத்த அவன்ரை வீட்டு வாசல்லை போய் நிண்டனான். ரெண்டு வசனம் முழுசாச் சொல்ல விடேல்லை. ஊர் தன்னைப் பற்றித்தான் கதைக்குது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்குது எண்டு நினைப்பு. ஏச்சிலைகூட முதலாம் இடம் தனக்குத்தான் வேணும். தனக்கு நட்டமெண்டாலும் சொன்னதை மாத்தான். சாகக் கிடந்தாலும் என்னட்டை ஒரு சொட்டுத் தண்ணி கேளான். நானும் குடுக்கன்!”

என் குரல் ஏறியிருந்தது. மதிலுக்கு அங்கால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நான் கதிரையை மதில் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப்போட்டுக்கொண்டு, அவனுடைய நடை, அவன் பாடசாலையில் பார்த்து எழுதியது, கோயிலில் அவன் முன்வரிசைக்கு இடிபடுவது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஆசையாக இருந்தது.

“பிள்ளை எப்பிடி?” என்று கேட்டார் அந்த அம்மா.

அங்கேதான் நான் திணறினேன். நாக்கில் வந்ததெல்லாம் நல்ல சொற்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. அந்த அம்மாவின் கண் சுருங்கத் தொடங்கியது. பெரியவர் பாதியில் வைத்துவிட்டுப் போன கோப்பை எனக்கு நினைவு வந்தது.

“வாய் நீளம்” என்றேன். “நான் என்ன கதைக்கோணும், என்ன கதைக்கக்கூடாது எண்டு எனக்கே சொல்லித் தாற அளவுக்கு வாய்.”

“எப்ப சொன்னவ?”

மனைவி மறுபடி என் காலைத் தேடினாள்.

“எப்பவுந்தான்!”

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். “என்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் வாய் இல்லை, தம்பி. இவையோடை தனியக் கத்திக் கத்தி நான் களைச்சுப்போனன்.” பக்கத்திலிருந்த தம்பியார் தலையாட்டினார். அந்த அம்மா தேத்தண்ணியை அடிவரை குடித்தார். எழும்பும்போது, “உங்களைப்போலை மனம் திறந்து கதைக்கிற ஆக்கள் இப்ப குறைவு” என்றார். அவ்வளவு மரியாதை என் எழுத்துக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சம்பந்தம் பொருந்தியது. நாள் வைத்தார்கள். அந்த அம்மா ஒரு நிபந்தனையும் வைத்தார்: “உந்தப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கட்டாயம் சொல்லவேணும். நேர்மையான மனுசன்.” கோபக்காரனுக்குக் கலியாணம் சொல்கிற முறை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் முறை வளையும். ஒரு மாலை அவனும் மனைவியும் வந்தார்கள். அவள் உள்ளே வந்து, அழைப்பிதழைத் தட்டத்தில் வைத்துக் கொடுத்தாள். அவன் படலைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மின்கம்பத்தைப் பார்த்தான்.

“அண்ணை, கட்டாயம் வாங்கோ” என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளை சொல்லிவிட்டது, அங்கை வைச்சு ரெண்டு பேரும் ராசியாகிப் போடாதேங்கோவாம். சிரிச்சுக் கதைக்கிறதைச் சம்பந்தியம்மா கண்டா எண்டால், எல்லாம் முன்னமே பேசி வைச்ச வேலை எண்டு நினைப்பா.”

“உங்கடை அவர் என்ன சொல்லுறார்?”

“அதுக்கு நான் புதுசா என்ன செய்யோணும், இருக்கிறபடி இருந்தால் சரிதானே எண்டு கேக்கிறார்.”

எனக்கும் அதே எண்ணந்தான். இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கலியாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியது. சம்பந்தியம்மா எனக்கு நேரெதிர் வரிசையில் இருந்தார், சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பட்டுவேட்டியோடு பந்தி மேற்பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தான். சரியாக அவன் என் இலைக்கு முன்னால் வந்த நேரம், ஒலிபெருக்கியில் யாரோ வாழ்த்துரை வாசிக்கத் தொடங்கினார். பெண்ணின் தந்தையார், வாழ்நாளில் எவரோடும் ஒரு மனத்தாங்கலும் கொள்ளாத உத்தமராம். பகை என்ற சொல்லையே அறியாதவராம்.

நான் தலையை நிமிர்த்தினேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய மீசை நடுங்கியது. என் வாயில் சோறு இருந்தது.

“சிரியாதை” என்றான் உதடு அசையாமல். “சம்பந்தி பாக்கிறா.”

முகத்தை இறுக்கினேன். அவனும் இறுக்கினான். பிறகு, அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்படி, வடைத் தட்டோடு வந்த பையனைத் தோளில் தொட்டு என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்கு அனுப்பினான். அந்த அம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணோடு கதைக்கத் திரும்பினார்.

பிள்ளைக்காகச் செய்த நடிப்புத்தான் என்று மனைவி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாதாடினாள். நடிப்பென்றால், அந்த அம்மா தலையைத் திருப்பின பிறகாவது ஒரு வடை வந்திருக்கவேண்டும்.